நீதிபதியும் கைதியும்: 'இவான் இலியிச்சின் மரண'த்தையும் 'அந்நிய'னையும் ஒப்பிட்டு எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

லியோ டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' 1886இல் வெளிவந்தது. ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' 1942இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் வெளிவந்தது. முதலாவதில் ஒரு நீதிபதி நோயில் விழுந்து சாகிறார். இரண்டாவதில், கடற்கரையில் ஒரு அரேபியனைச் சுட்டுக் கொன்ற மெர்சோ என்ற அல்ஜியர்ஸ் நகரத்து அலுவலக ஊழியனுக்கு நீதிமன்றம் மரண தண்டனை விதிக்கிறது. தனித்துவம், ஊரோடு ஒத்துப்போவது, சாவு ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து யோசிக்க இவ்வளவு பொருத்தமான ஜோடி கிடைப்பது அரிது.

கல்லூரியில் ஒப்பிலக்கியக் கட்டுரை எழுதுகிறவர்களையும் வாசகர் வட்டத்தில் பேசப் போகிறவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு கதைகளின் முடிவும் இதில் வரும். இன்னும் படிக்கவில்லை என்றால் படித்துவிட்டு வாருங்கள். இரண்டுமே சிறிய புத்தகங்கள்தான்.

முதல் படி: எந்த வரிசையில் படிப்பது

டால்ஸ்டாயை முதலில் படியுங்கள். பன்னிரண்டு அத்தியாயங்கள், ஓரிரு மாலைகளில் முடிந்துவிடும். முடித்ததும் முதல் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு முறை படியுங்கள். கதை இவான் இலியிச்சின் சாவு அறிவிப்பில்தான் தொடங்குகிறது. முதல் வாசிப்பில் அவர் வெறும் பெயர். இரண்டாம் வாசிப்பில், அந்த வீட்டுக்கு வந்து நிற்கிற ஒவ்வொருவரும் எதைப் பார்க்க மறுக்கிறார்கள் என்பது தெரியும்.

அப்புறம் 'அந்நியன்'. வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கியது, க்ரியா வெளியீடு. முதல் பகுதியில் ஆறு அத்தியாயங்கள், இரண்டாம் பகுதியில் ஐந்து. முதல் பகுதியில் போகிறபோக்கில் சொல்லப்படுகிற அற்ப விஷயங்களையெல்லாம் பென்சிலால் குறித்து வையுங்கள். பால் விட்ட காப்பி, சிகரெட், கடலில் குளியல், ஒரு சிரிப்புப் படம். இரண்டாம் பகுதியில் இவை ஒவ்வொன்றும் சாட்சியமாகத் திரும்பி வரும்.

இரண்டாம் படி: பெரிய சொற்களைக் கேள்விகளாக மாற்றுங்கள்

'தனித்துவம்' என்று தலைப்புப் போட்டு எழுத உட்கார்ந்தால் பொதுப்பேச்சுதான் வரும். அதற்குப் பதில் மூன்று கேள்விகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இவன் யாரைப் பார்த்து வாழ்கிறான்? சுற்றி இருப்பவர்கள் இவனிடம் எந்த நடிப்பை எதிர்பார்க்கிறார்கள்? சாவு பக்கத்தில் வந்தபோது யார் பொய் சொன்னார்கள், யார் சொல்லவில்லை?

முதல் கேள்விக்கு இவான் இலியிச்சிடம் பதில் பளிச்சென்று கிடைக்கும். அவருடைய வாழ்க்கை மிக எளிமையானது, மிகச் சாதாரணமானது, அதனாலேயே மிகப் பயங்கரமானது என்று டால்ஸ்டாய் இரண்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். தனக்கு மேலே இருப்பவர்கள் எதைச் சரி என்கிறார்களோ அதுதான் அவருக்கும் சரி. கல்யாணமும் அப்படித்தான்: பெண்ணைப் பிடித்திருந்தது, பெரிய மனிதர்களும் அதை நல்ல சம்பந்தம் என்றார்கள். புது வீட்டைத் தன் ரசனைப்படி பார்த்துப் பார்த்து அலங்கரிக்கிறார். அந்த வீடு, பணக்காரர்போலத் தெரிய விரும்புகிற நடுத்தர மனிதர்களின் எல்லா வீடுகளையும் போலவே இருக்கிறது என்கிறார் ஆசிரியர். தனக்கென்று ஒரு ரசனை இருப்பதாக அவர் முழுமனதோடு நம்புவதுதான் அந்த இடத்தின் துயரம்.

மெர்சோவிடம் அதே கேள்வியைக் கேட்டால் பதில் நழுவும். முதலாளி பாரிஸில் வேலை தருகிறேன் என்றால், எனக்கு எல்லாம் ஒன்றுதான் என்கிறான். தன்னைக் காதலிக்கிறாயா என்று காதலி மாரி கேட்டால், அதற்கு அர்த்தமில்லை, அநேகமாக இல்லை என்கிறான்; நீ விரும்பினால் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றும் சொல்கிறான். ஊரை எதிர்க்கிற கலகக்காரன் என்று அவனை அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். யார் எது கேட்டாலும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறவன் அவன். உணராத உணர்ச்சியை உணர்ந்ததாகச் சொல்வதை மட்டும்தான் மறுக்கிறான்.

மூன்றாம் படி: இரண்டு சாவு வீடுகளை அருகருகே வையுங்கள்

கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இவான் இலியிச் இறந்த செய்தி சக நீதிபதிகளுக்குப் பத்திரிகை வழியாகத் தெரிகிறது. முதலில் எழும் நினைப்பு, அந்த இடத்துக்கு யார் வருவார்கள், தனக்கு என்ன மாறுதல் கிடைக்கும் என்பது. அடுத்த நினைப்பு: செத்தது அவன், நான் இல்லை. அவர்களில் ஒருவரான பியோத்தர் இவானவிச் துக்கம் விசாரிக்கப் போகிறார். சிலுவைக்குறி போட வேண்டும் என்று தெரியும். குனிந்து வணங்க வேண்டுமா என்று தெரியவில்லை, அதனால் இரண்டுக்கும் நடுவாக ஏதோ செய்துவைக்கிறார். ஷ்வார்ட்ஸ் என்ற நண்பர் அன்றிரவுச் சீட்டாட்டத்துக்குக் கண்ணாலேயே அழைப்பு விடுக்கிறார்.

விதவை பிரஸ்கோவ்யா பியோத்தர் இவானவிச்சைத் தனியாக அழைத்துப் பேசும் இடத்தை வரி வரியாகப் படியுங்கள். அவளுடைய கறுப்புச் சால்வை மேசையின் செதுக்கு வேலைப்பாட்டில் மாட்டிக்கொள்கிறது. எடுத்துவிட அவர் எழுந்தால், ஸ்பிரிங் கெட்டுப்போன ஆசனம் அடியிலிருந்து அவரைத் தள்ளுகிறது. உட்கார்ந்தால் அமுங்குகிறது, எழுந்தால் மறுபடி தள்ளுகிறது. கணவர் மூன்று நாள் இடைவிடாமல் அலறினார் என்று அவள் சொல்கிறாள். கேட்கிறவரின் முதுகில் ஒரு கணம் குளிர் ஓடுகிறது. பிறகு அவள் கேட்க வந்ததைக் கேட்கிறாள்: அரசாங்கத்திடமிருந்து இன்னும் கொஞ்சம் பணம் வாங்க வழி உண்டா? துயரத்தின் எல்லாச் சடங்கும் அந்த அறையில் ஒழுங்காக நடக்கிறது. துயரம் மட்டும் இல்லை.

இப்போது மராங்கோ. அல்ஜியர்ஸிலிருந்து எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற முதியோர் இல்லம். மெர்சோ தாயின் சாவுக்காக முதலாளியிடம் இரண்டு நாள் விடுப்புக் கேட்கும்போது, இது என் தவறு இல்லை என்று சொல்லிவைக்கிறான். சவப்பெட்டியைத் திறக்கட்டுமா என்று காவலாளி கேட்க, வேண்டாம் என்கிறான். ஏன் என்றால் தெரியவில்லை. காவலாளி தருகிற காப்பியைக் குடிக்கிறான். அம்மாவின் முன் புகைக்கலாமா என்று ஒரு நிமிடம் தயங்குகிறான், பிறகு புகைக்கிறான். இல்லத்து முதியவர்கள் எதிரே வரிசையாக வந்து உட்காரும்போது, தன்னைத் தீர்ப்பளிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்ற அபத்தமான எண்ணம் அவனுக்கு வருகிறது.

அந்த வரியை அடிக்கோடிடுங்கள். பின்னால் வரும் நீதிமன்றம் அந்த அறையிலேயே கூடிவிட்டது.

இரண்டு காட்சிகளையும் வைத்து ஒரு கேள்வி கேளுங்கள்: ஷ்வார்ட்ஸையும் பிரஸ்கோவ்யாவையும் அல்ஜியர்ஸ் நீதிமன்றத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? அவர்கள்மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. கறுப்பு உடை உடுத்தினார்கள், பெருமூச்சு விட்டார்கள், கைக்குட்டையை எடுத்தார்கள். இந்த இரண்டு நூல்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் தெரியும் உண்மை ஒன்று உண்டு. சமூகம் தன் ஆட்களிடம் மிகக் கறாராக நடிப்பைக் கேட்கும் இடம் சாவு வீடு. உங்கள் கட்டுரையின் மையக் கருத்தை இதைச் சுற்றி அமைக்கலாம். இதை மறுத்தும் அமைக்கலாம்.

நான்காம் படி: நீதிமன்றத்தை நீதிமன்றத்தோடு

பலரும் கவனிக்காமல் விடுகிற ஒரு பொருத்தம் உண்டு. இவான் இலியிச் தன் பணிவாழ்வின் ஒரு கட்டத்தில் விசாரணை நீதிபதியாக இருந்தவர். மெர்சோவை விசாரிக்கிறவரும் விசாரணை நீதிபதிதான். ஒரே நாற்காலி, ஒன்றில் உட்கார்ந்தவரின் பக்கத்திலிருந்து, மற்றதில் எதிரே நிற்பவனின் பக்கத்திலிருந்து பார்க்கப்படுகிறது.

இவான் இலியிச்சின் தொழில்திறமை என்ன? வழக்குக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றையும் ஒதுக்கி, தன் சொந்த அபிப்பிராயத்தையும் ஒதுக்கி, விஷயத்தைக் காகிதத்தில் வெளிப்புற வடிவமாக மட்டும் நிற்கவைப்பது. பின்னால் நோயாளியாக அவர் மருத்துவரிடம் போகிறார். சாகப் போகிறேனா என்பது அவர் கேள்வி. மருத்துவருக்கு அது பொருத்தமற்ற கேள்வி. சிறுநீரகமா குடல்வாலா என்பதுதான் விஷயம். தான் குற்றவாளிக்கூண்டில் நின்றவர்களிடம் நடந்துகொண்டதைப் போலவே இவர் தன்னிடம் நடந்துகொள்கிறார் என்று இவான் இலியிச்சுக்கு உறைக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

மெர்சோவின் வழக்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. சம்பந்தமில்லாதவை எல்லாம் அங்கே உள்ளே இழுத்து வரப்படுகின்றன. கொலைசெய்யப்பட்ட அரேபியனைப் பற்றிய பேச்சு குறைந்து, காப்பி குடித்தது, தாயின் வயது தெரியாதது, மறுநாள் மாரியோடு நகைச்சுவை நடிகர் ஃபெர்னாந்தெலின் படம் பார்த்தது என்று பேச்சு வளர்கிறது. இவர்மேல் குற்றச்சாட்டு தாயைப் புதைத்ததா, ஒரு மனிதனைக் கொன்றதா என்று வக்கீலே கேட்கிறார். ஏன் சுட்டாய் என்றதற்கு, வெயிலால் என்று மெர்சோ சொல்கிறான். அவையில் சிரிப்பு எழுகிறது.

ஒரு நீதிமன்றம் மனிதனைக் கழித்துவிட்டு வழக்கைப் பார்க்கிறது. இன்னொன்று வழக்கைக் கழித்துவிட்டு மனிதனின் நடத்தையைப் பார்க்கிறது. இரண்டிலும் எதிரே நிற்கிற ஆளை யாரும் கேட்கவில்லை. இந்தப் பத்தியை நீங்கள் நன்றாக எழுதிவிட்டால் கட்டுரை பாதி முடிந்த மாதிரி.

ஐந்தாம் படி: உடம்பு

இதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். இவான் இலியிச் திரை எப்படித் தொங்க வேண்டும் என்று காட்ட ஏணியில் ஏறி, வழுக்கி, விலாவில் லேசாக இடித்துக்கொள்கிறார். அந்த அலங்கார வீட்டுக்காகப் பட்ட அடியே நோயின் தொடக்கமாகக் கதையில் நிற்கிறது. வலி வரும்வரை உடம்பு என்று ஒன்று இருப்பதே அவர் நினைவில் இல்லை. மெர்சோவோ தொடக்கம் முதல் உடம்பாலேயே வாழ்கிறான்: வெயில், உப்புநீர், தூக்கம், களைப்பு. தன் உடல்தேவைகள் பல சமயம் உணர்ச்சிகளைக் குழப்பிவிடுகின்றன என்று வக்கீலிடமே சொல்கிறான். அந்த நேர்மை வக்கீலுக்குப் பயத்தைத் தருகிறது.

ஆறாம் படி: ஒரே தர்க்கம், இரண்டு முனை

இவான் இலியிச் சிறுவயதில் தர்க்கப் பாடப்புத்தகத்தில் படித்தது: கேயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் சாகிறவர்கள், ஆகவே கேயஸ் சாவான். கேயஸுக்கு அது சரி. ஆனால் நான் கேயஸ் இல்லையே, நான் அம்மா அப்பாவோடு இருந்த குட்டி வான்யா (இவானின் செல்லப்பெயர்). எனக்குப் பிடித்த அந்த வரிபோட்ட தோல்பந்தின் வாசனை கேயஸுக்குத் தெரியுமா? அவரது தனித்துவம் முதல்முறையாக விழிக்கும் இடம் இது. பதவி, வீடு, சம்பளம் எதிலும் கிடைக்காத 'நான்' ஒரு பந்தின் வாசனையில் கிடைக்கிறது.

மெர்சோ சிறையில் அதே தர்க்கத்தை மறுமுனையிலிருந்து பிடிக்கிறான். எல்லோரும் சாகிறவர்கள், ஆகவே முப்பதில் செத்தால் என்ன, எழுபதில் செத்தால் என்ன? பாதிரியாரிடம் அவன் கத்துவதும் இதைத்தான்: எல்லோருமே தண்டனை பெற்றவர்கள். ஆனால் அவனும் விடியலுக்கு முன் காலடியோசைக்குக் காது கொடுத்தபடி கிடக்கிறான், மேல்முறையீட்டை நினைத்து இரத்தம் துள்ளுகிறது. தர்க்கம் சொன்னதை உடம்பு ஏற்கவில்லை. மெர்சோ சாவுக்கு அஞ்சாதவன் என்று எழுதுகிறவர்கள் இந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஏழாம் படி: பக்கத்தில் யார் இருந்தார்கள்

இவான் இலியிச்சை வலியைவிட அதிகம் வதைப்பது பொய். வெறும் நோய்தான், மருந்து சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். குடும்பம் பிரெஞ்சு நடிகை சாரா பெர்னார்டின் நாடகம் பார்க்கக் கிளம்புகிறது. கெராசிம் என்ற விவசாயி வீட்டு இளைஞன் மட்டும் பொய் சொல்வதில்லை. மலச்சட்டியை எடுத்துச் சுத்தம் செய்கிறான். அவருடைய கால்களைத் தன் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். நாமெல்லோரும் சாகப் போகிறவர்கள்தானே, கொஞ்சம் சிரமப்பட்டால் என்ன என்கிறான். சாவைப் பற்றிய உண்மை அவன் வாயில் பரிவாகவே வருகிறது.

மெர்சோவுக்கு ஒரு கெராசிம் இல்லை. மாரிக்கு ஒருமுறைதான் சிறைக்கு வந்து பார்க்க முடிகிறது, அதுவும் இரண்டு கம்பித் தடுப்புகளுக்கு நடுவே கத்திப் பேசி. உணவக உரிமையாளர் செலஸ்த் சாட்சிக்கூண்டில் நின்று, இது ஒரு துரதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு சொல்லத் தெரியாமல் தவிக்கிறான். முத்தமிட வேண்டும் என்று தோன்றிய முதல் ஆண் அவன்தான் என்கிறான் மெர்சோ. இந்த வரியைக் கட்டுரையில் சேருங்கள். மெர்சோ ஒரு கல் என்ற வாதத்தை அது தனியாகவே உடைத்துவிடும்.

டால்ஸ்டாய் மத வழி, காம்யு கடவுள் மறுப்பு என்று இரண்டு வரியில் முடித்துவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற தவறு. இவான் இலியிச்சுக்கும் பாதிரியார் வருகிறார், நற்கருணை தருகிறார், சற்று நேரம் நம்பிக்கையும் பிறக்கிறது. மனைவி வந்து, இப்போது தேவலையா என்று கேட்க, ஆமாம் என்கிறார். அந்த 'ஆமாம்' பொய் என்று அவளைப் பார்த்த கணமே தெரிந்து, மூன்று நாள் அலறல் தொடங்குகிறது. அவரை மீட்பது சடங்கு அல்ல. துழாவிய கை மகனின் தலையில் படுகிறது. பள்ளிக்கூடத்துப் பையன் அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டு அழுகிறான். அதுதான்.

எட்டாம் படி: முடிவுகள் பிரியும் இடம்

இதுவரை ஒற்றுமைகள் கை கொடுத்தன. இப்போது பிரித்துக் காட்ட வேண்டும். என் வாழ்க்கை முழுக்கவே தவறாக இருந்திருந்தால் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் இவான் இலியிச்சால் மற்றவர்களைப் பார்க்க முடிகிறது. மகனைக் கண்டு இரங்குகிறார், மனைவியைக் கண்டும் இரங்குகிறார். சாவு இருந்த இடத்தில் வெளிச்சம் இருக்கிறது. அவருடைய தனித்துவம் மற்றவரை நோக்கித் திறந்து முடிகிறது.

மெர்சோ ஒத்துக்கொள்வது வேறு: நான் சரியாக இருந்தேன், இப்போதும் சரி. பாதிரியாரின் அங்கியைப் பிடித்து உலுக்கிய பிறகு, உலகத்தின் மென்மையான அலட்சியத்துக்குத் தன்னைத் திறந்துகொள்கிறான். தண்டனை நாளில் பெருங்கூட்டம் வெறுப்புக் கூச்சலோடு தன்னை வரவேற்க வேண்டும் என்று விரும்புகிறான். மனிதர்கள் பக்கம் அவன் திரும்பும் ஒரு இடம் உண்டு: வாழ்வின் கடைசியில் அம்மா ஏன் ஒரு 'மாப்பிள்ளை'யைத் தேடிக்கொண்டாள் என்பது அவனுக்கு அப்போதுதான் புரிகிறது. அவளுக்காக அழ யாருக்கும் உரிமை இல்லை என்கிறான். நூல் முழுக்க அவன் காட்டும் மிகப் பெரிய மரியாதை அது என்றே நான் படிக்கிறேன்.

எந்த முடிவு உயர்ந்தது என்று தேர்வாளர் கேட்க மாட்டார், ஆனாலும் உங்களுக்குள் ஒரு பதில் இருக்க வேண்டும். என் பதில் டால்ஸ்டாய் பக்கம். கெராசிமின் தோள் இருக்கிற நாவலில் உண்மையும் அன்பும் ஒரே ஆளிடம் சேர முடிகிறது. காம்யுவின் நாவலில் உண்மை பேசுகிறவன் தனியாகத்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

ஒன்பதாம் படி: மெர்சோவைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

1955இல் எழுதிய ஒரு முன்னுரையில் காம்யு, தன் நாயகன் பொய் சொல்ல மறுப்பவன், விளையாட்டை ஆட மறுத்ததால் தண்டிக்கப்பட்டவன் என்றார். ஆசிரியர் சொன்னால் போதும் என்று பல கட்டுரைகள் இதோடு நின்றுவிடுகின்றன. முதல் பகுதிக்குத் திரும்புங்கள். பக்கத்து வீட்டுக்காரன் ரேமோன் தன் பழைய காதலியை வரவழைத்துத் தண்டிக்க ஒரு கடிதம் வேண்டும் என்கிறான்; ஏமாற்றுக் கடிதம். எழுதித் தருபவன் மெர்சோ. அவள் அடிபட்ட பிறகு, அவள்தான் ரேமோனுக்குத் துரோகம் செய்தாள் என்று காவல் நிலையத்தில் சொல்பவனும் மெர்சோ. ரேமோன் எச்சரிக்கையோடு தப்பிவிடுகிறான்.

தன் உணர்ச்சியைப் பற்றி அவன் பொய் சொல்வதில்லை. இன்னொருத்தியின் உடம்பு பணயமாகும்போது அவன் பேனா தயங்கவில்லை. கடற்கரையில் ஒரு தோட்டாவுக்குப் பிறகு நான்கு தோட்டாக்களை வாங்கிக்கொண்ட மனிதனுக்கு நாவலில் பெயர்கூட இல்லை. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூத் 2013இல் வெளியிட்ட நாவல், கொல்லப்பட்டவனுக்கு மூசா என்று பெயர் வைத்து, அவன் தம்பியைப் பேசவைத்தது. ஒருவனின் தனித்துவம் இன்னொருவனின் பெயரின்மையின் மேல் நிற்கிறதா என்ற கேள்வியை உங்கள் கட்டுரை கேட்டாக வேண்டும். இதே கேள்வியை டால்ஸ்டாயிடமும் கேட்கலாம்: கெராசிமின் இரவுகளைப் பற்றி, அவன் தூக்கத்தைப் பற்றி அந்த நூல் எவ்வளவு சொல்கிறது?

பத்தாம் படி: எழுதுவது

முதல் பாதி டால்ஸ்டாய், இரண்டாம் பாதி காம்யு என்று பிரிக்காதீர்கள். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு பேரும் இருக்கட்டும். சாவு வீடு, நீதிமன்றம், தர்க்கம், துணை, முடிவு, மறுகேள்வி என்ற வரிசை நன்றாக ஓடும். சாவு வீட்டுக்கும் நீதிமன்றத்துக்கும் அதிக இடம் கொடுங்கள். ஒரு மாதிரிப் பத்தி:

"டால்ஸ்டாய் படர்க்கையில், சாவுக்குப் பின்னிருந்து கதையைத் தொடங்குகிறார், இவான் இலியிச்சின் முடிவு நமக்கு முன்பே தெரியும், அவருக்குத்தான் தெரியாது. காம்யு தன்மையில் சொல்லவைக்கிறார். மெர்சோவின் சாவை நாம் பார்ப்பதே இல்லை. முதலாவதில், ஊர் ஒருவரை எப்படிப் பார்த்தது என்பதிலிருந்து அவர் உள்ளம் நோக்கிப் போகிறோம். இரண்டாவதில், ஒருவனின் உள்ளத்திலிருந்து தொடங்கி, ஊர் அவனை எப்படித் திரித்தது என்பதற்கு வந்து சேர்கிறோம். கதைசொல்லும் முறையே தனிமனிதனுக்கும் ஊருக்குமான வழக்கில் ஒரு சாட்சியாகிறது."

ஆசிரியர் வாழ்க்கையை எங்கே சேர்ப்பது என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். நூலின் ஒரு குறிப்பிட்ட வரியைத் தொடுகிற தகவலாக இருந்தால் சேருங்கள். துலா நகரத்தில் இவான் இலியிச் மெச்னிகோவ் என்ற நீதிபதி 1881இல் இறந்ததும், டால்ஸ்டாய் அந்தச் சாவிலிருந்து கதையை எடுத்ததும் நான்காம் படிக்கு உதவும். மெர்சோவின் தந்தை ஒரு மரண தண்டனையைப் பார்க்கப் போய்த் திரும்பி வந்து வாந்தி எடுத்ததாக நாவலில் வருகிறது. தன் தந்தையைப் பற்றி அதே சம்பவத்தை காம்யு 1957இல் மரண தண்டனைக்கு எதிராக எழுதிய கட்டுரையில் சொல்கிறார். ஆறாம் படியில் காலடியோசைக்குக் காத்திருக்கும் பக்கத்தோடு இதை இணைக்கலாம். பிறந்த ஊர், பெற்ற பரிசு, மணவாழ்க்கை எல்லாவற்றையும் முன்னுரையில் கொட்ட வேண்டாம்; அந்த இடத்தைச் சால்வை மாட்டிக்கொண்ட மேசைக்கும் பால் விட்ட காப்பிக்கும் கொடுங்கள்.